மாடிப்படி இல்லாத வீடு

அவர் பிழியும் முறுக்கின் கடைசி முனை எப்போதும் ஒட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். வாசலில் போடும் கோலத்தில் ஒரு புள்ளி எந்தக் கோட்டிலும் சேராமல் தனியாக இருக்கும். ரவிக்கையில் ஒரு கொக்கி இருக்காது, அந்த இடத்தை ஊக்கு பார்த்துக்கொள்ளும். தட்டில் ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். முதலில் இதையெல்லாம் மறதி என்று நினைத்தேன். பிறகு சோம்பல் என்று முடிவு கட்டினேன்.

என்னையும் குறை சொல்ல முடியாது. லாபிஸில் ஒரு மரத்தளவாடத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, எந்தக் காலில் திருகாணி குறைகிறது, எந்த மூலையில் பசை பற்றவில்லை என்று பார்த்துச் சிவப்புத் தாள் ஒட்டுவேன். பத்து வருடம் இதையே செய்தால் கண் கெட்டுப்போகும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட நான் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தி மேசையின் காலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், இப்படி ஒருவர் வாய்த்தார்.

எங்கள் தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், பெரியவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்போம். பிள்ளைகளுக்கு அவர் பேப்பர் ஆண்ட்டி. அறுபதை நெருங்கிய வயது, ஒடிசலான உடம்பு, நகக்கண்களில் எப்போதும் காய்ந்த பசை. தனியாக இருந்தார். குளுவாங்கிலிருந்து அவருடைய அக்கா மகள் மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அதற்கு மேல் அவரைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானங்களில், அவர் வீட்டுப் போர்ச்சில் பாய் விரிப்பார். கார் இல்லாத வீடு என்பதால் போர்ச் முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான். நாலு வயது முதல் எட்டு வயது வரை பத்துப் பன்னிரண்டு வாண்டுகள் வந்து விழும். அம்மாக்களும் கூடவே உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை ஒரு பழைய மைலோ டின்னில் இருக்கும். மெல்லிய மூங்கில் குச்சிகளை நூலால் கட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீட்டுக் கூடு அவரே தயாராக வைத்திருப்பார். பிள்ளைகள் கலர்த் தாளை வெட்டிச் சுவர் ஒட்டுவார்கள், ஜன்னல் வைப்பார்கள், மினுமினுப்புத் தூளைத் தாள் மேலும் தலை மேலும் சமமாகக் கொட்டிக்கொள்வார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள், வீடுகளில் முன்னோருக்குப் படையல் போட்டு முடிந்ததும், பொழுது சாயும் நேரத்தில் எல்லாக் காகித வீடுகளும் கேட்டுச் சுவர்கள் மேல் ஏறிவிடும். உள்ளே பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு. பிள்ளைகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். வேறு தாமான்களிலிருந்து காரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்த வீடுகள் அவ்வளவு நன்றாக இருக்கும். மாடி இருக்கும், பால்கனி இருக்கும், உள்ளே கட்டில் இருக்கும், கட்டிலில் அவரைக்கொட்டை அளவுக்குத் தலையணை இருக்கும்.

வீடு கட்டுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பார்.

“உன் வீட்டுல என்னென்ன வேணும், சொல்லு.”

பிள்ளை சொல்லச் சொல்ல, சீனக் கடையில் கொடுக்கும் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். “வேற?” என்பார். “இன்னும் யோசி. வேற?” என்பார். பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் போகும்வரை விடமாட்டார். எழுதியதை முழுக்க ஒரு முறை படித்துக் காட்டுவார். பிறகு அதில் ஒன்றை மட்டும் செய்ய மாட்டார்.

வருடா வருடம் இதே கூத்துதான். ஒருத்திக்கு ஃபிரிட்ஜ் வராது, ஒருவனுக்குக் கார் வராது. பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கும். அம்மாக்கள் கேட்பார்கள், “அக்கா, லிஸ்ட்ல இருக்கே, மறந்துட்டீங்களா?”

“அது அப்புறம்.”

“அப்புறம்னா எப்ப?”

“அப்புறம் லா.”

அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருடம் மூன்றாவது வீட்டுப் பையன், நாலு வயது, அவர் முன்னால் உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றான். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “ஒண்ணாவது கேளுடா, தங்கம்” என்றார். அவன் தலையை ஆட்டினான். ஒரு மணி நேரம் அவனைக் கெஞ்சினார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டோம், அவர் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் அவன் போனால் போகிறது என்று, “ஒரு சிங்கம்” என்றான். அவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சிங்கத்தை அவர் செய்யவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிங்கம் என்று எழுதிவிட்டு அந்த எழுத்தை அவர் விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டும் சிரித்தேன்.

என் மகள் லோஷினிக்கு ஐந்து வயதானபோது அவள் சொன்ன பட்டியல் இது: மாடி வீடு, மேலே கட்டில், ஒரு பூனை, டிவி, ஊஞ்சல், மேலே போகப் படிக்கட்டு. எல்லாம் வந்தது. பூனைக்கு மீசைகூட இருந்தது. கேட் பக்கத்தில், நாங்கள் கேட்காமலே, ஆண் ஒன்று பெண் ஒன்று என்று இரண்டு பொம்மைகள் நின்றன. அது நானும் என் கணவரும் என்று எடுத்துக்கொண்டோம். அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருபவர். “கேட்டுலயே நிக்கறீங்க பாருங்க, உள்ள விடல” என்று அவரைக் கிண்டல்கூடச் செய்தேன். கதவின் உள்பக்கத்தில் லோஷினி என்று சின்னச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. படிக்கட்டுதான் இல்லை.

தீபாவளி முடிந்து வீடு உள்ளே வந்து டிவி அலமாரி மேல் உட்கார்ந்தது. லோஷினி அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, பூனை எப்படி மேல போகும்?” என்று கேட்டாள். பள்ளி விடுமுறை, அவளுக்கு வேறு வேலையும் இல்லை. இரண்டு நாளில் நூறு தடவை கேட்டிருப்பாள். மூன்றாவது நாள் காலையில் என் தொழில் புத்தி எழுந்துவிட்டது. மைலோ அட்டைப்பெட்டியைப் பிரித்து, உயரம் அளந்து, அடி கோல் வைத்துக் கீறி, பதின்மூன்று படி மடித்தேன். பசையைத் தடவி, கீழ்த்தளத்திலிருந்து கட்டில் வரை சரியாக உட்கார வைத்தேன். என் கண்ணுக்கே ஒரு குறை தெரியவில்லை. அன்று முழுக்க லோஷினி இரண்டு விரலைக் காலாக்கி, அந்தப் படியில் ஏறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் எதிர்வீட்டுச் சீன அம்மா தீபாவளி விருந்துக்கு வந்தார். மூன்றாவது முறுக்கை எடுக்கும்போது அவர் பார்வை டிவி அலமாரிக்குப் போனது. எழுந்து பக்கத்தில் போனார்.

“இது யாருக்கு?” என்று மலாயில் கேட்டார்.

“என் மகளுக்கு.”

“யார் செஞ்சா?”

நான் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினேன். அவர் குனிந்து கதவைத் திறந்து உள்ளே இருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தார். கையில் இருந்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“இனி ஓராங் மாத்தி புன்யா லா.” செத்தவங்களுக்கு உள்ளது என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அக்கா சிகாமட்டில் ஒரு சீனக் காகிதக் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடு, காகிதக் கார், காகிதத் துணி எல்லாம் செய்யும் கடை. சீன அம்மாவின் மாமியார் இறந்தபோது அந்த வீட்டைச் செய்ததும் அக்காதான். மாமியாருக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

“கேட்ல நிக்கறது?” என்று கேட்டேன்.

“வேலைக்காரங்க. அங்க போனதும் பார்த்துக்க ஆள் வேணும்ல.” வீட்டை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். “எல்லாம் இருக்கு. ஒரு குறையும் இல்ல” என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போயும் போயும் பிள்ளைகளுக்கா இதைச் செய்து கொடுப்பார்கள் என்று வீட்டைத் தூக்கிக் குப்பையில் போடப் போனேன். லோஷினி தரையில் புரண்டு அழுதாள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல்.

டெங்கி. நாலாவது நாள் சிகாமட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு நாள்தான் முக்கியம், கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். என் கணவர் அன்று பகல் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் லோஷினி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“அம்மா, மேல ஏறிட்டேன்.”

“எங்கம்மா ஏறின?”

“படில. கட்டில் சின்னதா இருக்கு. பூனை நகர மாட்டேங்குது.”

என் கணவர் காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்றார். நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கே என்று அவர் கேட்டபோது நான் வார்டு வாசலைத் தாண்டிவிட்டேன். சிகாமட்டிலிருந்து லாபிஸ் வரை பாதையோரம் செம்பனைத் தோட்டம் ஓடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மத்தியான வெயில் கொளுத்தியது.

அக்கா போர்ச்சில் உட்கார்ந்து மிச்சமான மூங்கில் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினேன்.

“என் புள்ளைக்கு என்ன வீடு செஞ்சு குடுத்தீங்க?”

அவர் எழுந்து வந்தார். “பாப்பாக்கு எப்படி இருக்கு, தங்கச்சி?”

“ஏறிட்டேன்கிறா. கட்டில் சின்னதா இருக்குன்றா. என்ன செஞ்சீங்க அவள?”

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்தது.

“எப்படி ஏறும்? நான் படி வைக்கலையே.” கேட்டைத் திறந்தார். “யாரு வச்சது?”

“நான்தான்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் நடந்தார். அலமாரி முன்னால் நின்று படிக்கட்டைப் பார்த்தார்.

“பிச்சு எறிங்கக்கா.”

“பிச்சா புள்ள மேலயே நின்னுடும். முதல்ல எறங்கி வரணும்ல.”

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டிலின் மேல் வைத்தார். லோஷினி விளையாடுவாளே, அதே மாதிரி. ஒரு படி இறக்கினார். நிறுத்தினார். “வா கண்ணு, மெல்ல வா, அம்மா கீழ நிக்கறாங்க” என்றார், பக்கத்தில் ஒரு குழந்தை நிற்பதுபோல. அடுத்த படி. பதின்மூன்று படியும் அப்படித்தான். எனக்கு அவரைத் தள்ளிவிட்டுவிட்டு அதை நசுக்க வேண்டும் போல் இருந்தது, ஆனால் மூச்சுகூட விடாமல் நின்றேன். ஏழாவது படியிலோ எட்டாவதிலோ விரல்கள் நின்றுவிட்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு மறுபடி நடந்தன. கீழ்த்தளத்தைக் கடந்து, கதவைத் தாண்டி, அந்த இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் புகுந்து, அலமாரியின் விளிம்புக்கு வந்து நின்றன.

அதற்கப்புறம்தான் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, பசை ஒட்டிய இடங்களைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு கிழிசல் இல்லாமல் படிக்கட்டைக் கழற்றினார். தன் மடியிலிருந்த நாள்காட்டித் தாளில் அதைச் சுற்றினார்.

“இது உங்க வீட்டுல இருக்க வேணாம். நான் வச்சுக்கறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, புள்ள உங்களத் தேடும்.”

நான் திரும்பிப் போனபோது லோஷினி கண் விழித்திருந்தாள். தண்ணீர் கேட்டாளாம். என்னைப் பார்த்ததும், “என் செருப்பு எங்கம்மா?” என்றாள். மறுநாள் பிளேட்லெட் ஏற ஆரம்பித்தது. டெங்கியில் அப்படித்தான், அந்த இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். தொழிற்சாலையில் யார் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

லோஷினி வீட்டுக்கு வந்த வாரம், ஒரு சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், ஆனால் பயமும் கூடவே வந்தது. அவர் நகக்கண்ணில் இருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

“கடையில முதலாளி ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாரு. எதையும் விட்டுடாத. செத்தவங்களுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் கனவுல வந்து கேப்பாங்க. வீட்டுக்காரங்க பயந்துபோய் கடைக்கு வந்து சத்தம் போடுவாங்க. அதனால ஒண்ணு விடாம கேட்டு எழுதிக்குவேன். நான் செஞ்ச வீட்டுல குறைன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல.”

அவருக்குப் பிள்ளை இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

“பையனுக்கு ஆறு வயசு. அவனுக்கும் நான்தான் செஞ்சேன். முதலாளி, கடையில இருக்கற எந்தக் காகிதம் வேணும்னாலும் எடுத்துக்கன்னுட்டாரு. அவன் கேட்டது, கேக்காதது, எல்லாம் வச்சேன். சைக்கிள், பந்து, ஸ்கூல் பேக், மழைக்கோட்டு. ஒண்ணு விடல.” சுரண்டுவதை நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார். “இருவத்தாறு வருசம் ஆச்சு தங்கச்சி. ஒரு தடவகூட வரல. கனவுலகூட. எதுக்கு வருவான், அவனுக்குத்தான் எல்லாம் இருக்கே.”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

“அதான் புள்ளைங்களுக்கு ஒண்ணு விட்டுடுவேன். ஒண்ணு குறைஞ்சா, அதக் கேக்கறதுக்காச்சும் திரும்பி வருவாங்க. எங்க போனாலும்.”

“அந்தப் படிய என்னக்கா செஞ்சீங்க?”

“பத்திரமா இருக்கு.”

எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பாசம் பொங்கியது, ஆனால் அதற்கப்புறம் லோஷினியை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடம், சளி, வெயில். அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் பகலில் கேட்டுக்கொண்டே இருந்தது. தீபாவளி எப்போதோ முடிந்துவிட்டது, இன்னும் என்ன வெட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் இறந்துபோனார். நெஞ்சு வலி என்றார்கள். சர்க்கரையும் பிரஷரும் அவருக்கு ரொம்ப நாளாக இருந்தன.

போர்ச்சில் பந்தல் போட்டு, ஹாலில் பெட்டியை வைத்திருந்தார்கள். குளுவாங்கிலிருந்து வந்த, அவருடைய அக்கா மகள் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“சித்தி ஒரு வீடு செஞ்சு வச்சிருக்காங்க. கூட வச்சு எரிக்கணும்னு சொல்லியிருக்காங்க. நீங்கதான் அத எடுத்துட்டு வரணுமாம்.”

வாசலில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். “சீனனோட பழக்கம் நமக்கு எதுக்கு?”

“சித்தி சொன்னா சொன்னதுதான், மாமா” என்று சொல்லிவிட்டு அவள் ஹாலுக்குப் போய்விட்டாள்.

பின்னறை மேசை மேல் அந்த வீடு இருந்தது. எங்கள் வரிசை வீடு மாதிரியேதான், ஒரு மாடி மட்டும் கூடுதல். போர்ச்சில் ஒரு குட்டிப் பாய், அதன் மேல் குட்டி மைலோ டின். கேட்டில் பொம்மைகள் இல்லை. மேல்தளத்தில் ஒரு சின்னக் கட்டில், சுவரோரம் ஒரு சைக்கிள், ஒரு பந்து, ஆணியில் மாட்டிய மழைக்கோட்டு. கீழிருந்து அந்தக் கட்டில் வரைக்கும் என் படிக்கட்டு போனது. பச்சை மைலோ அட்டை, பதின்மூன்று மடிப்பு, என் கை வேலை எனக்குத் தெரியாதா. படிக்கட்டுக்கு அடியில் நாள்காட்டித் தாளைத் தரையாக ஒட்டியிருந்தார். நான் சிகாமட்டிலிருந்து ஓடி வந்த அந்த நாளின் தாள்.

வழக்கம்போலக் குறை தேடினேன். கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, உள்ளே பெயர்ச் சீட்டு இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தேன். படிக்கட்டின் மேல்முனையில் ஒரு ஓரம் பசை பற்றாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

அவர் கை அதைத் தவறி விட்டிருக்காது. பசை வேலையில் அவருக்குப் பிழை வந்து நான் பார்த்ததில்லை. தனக்கென்று விட்டுக்கொண்ட குறை அது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் திரும்பி வருவார். ஒரு சனிக்கிழமை மத்தியானமோ ஒரு தீபாவளியோ எங்கள் வரிசைக்கு வருவார், பிள்ளைகளைப் பார்ப்பார். அது என் பிள்ளையின் படிக்கட்டு. கேட்டுக்கொண்டு யாரிடம் வருவார்?

பக்கத்தில் அவருடைய பசை டின் இருந்தது. அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. விரலால் வழித்து அந்த ஓரத்தில் தடவி, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் மகனிடம் ஏறிப் போகட்டும் என்றுதான் செய்தேன் என்று பின்னாளில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படி எதுவும் நினைக்கவில்லை. பயத்தில் செய்தேன். வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கால்மாட்டில் வைத்தேன். ஒரு குறை இல்லாமல் அவரோடு எரிந்தது.

லோஷினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. நல்ல ஆரோக்கியம், வாய்தான் நீளம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் என் போர்ச்சில் பாய் விரிக்கிறேன். காரை வெளியே நிறுத்திவிடுகிறேன். என் கூடுகள் கொஞ்சம் கோணலாகத்தான் வருகின்றன, சிவப்புத் தாள் ஒட்டலாம். கேட்டில் பொம்மை வைப்பதில்லை. பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு, ஒன்றை விட்டுவிடுகிறேன். “அப்புறம் லா” என்கிறேன். எதிர்வீட்டுச் சீன அம்மாவின் பேத்திகூட வந்து உட்காருகிறாள்.

அவர் வரவில்லை. என் கனவில் ஒரு நாளும் வந்ததில்லை, லோஷினியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் சுவர் மேல் விளக்கெல்லாம் எரியும்போது, பக்கத்து வீட்டுப் போர்ச்சைப் பார்க்கிறேன். இப்போது அங்கே வேறு குடும்பம் இருக்கிறது, ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அந்த ஓரத்தை நான் ஒட்டாமல் விட்டிருக்கலாம். பயம் போய் ரொம்ப நாளாகிவிட்டது, எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் இதில் வைத்துவிட்டேன். முறுக்கு, கோலம், ஊக்கு, பசை டின், மகனின் மழைக்கோட்டு. அவர் பெயர் எனக்குத் தெரியும். அந்தக் காகித வீட்டுச் சீட்டில் படித்தேன். அதை இதில் எழுதவில்லை. கேட்டுக்கொண்டு வரட்டும்.